புள்ளிக்குப் பின்னால்

அந்த அக்காவிடம் யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்து நான் பார்த்ததில்லை. நான் முடித்ததில்லை, எங்கள் முதலாளி முடித்ததில்லை, வீட்டில் அவர் புருஷன் முடித்திருப்பார் என்றும் எனக்கு நம்பிக்கையில்லை. நாம் வாயைத் திறந்து பாதி தூரம் போவதற்குள் வலது கையைத் தூக்குவார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்து, கத்தரிக்கோல் மாதிரி மூடுவார். "பாயிண்ட் புரிஞ்சிடுச்சு லா. மிச்சத்த விடு." அதற்கு மேல் பேசினால் நம் குரலை நாமே கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், கீழே மளிகைக் கடையும் மேலே நாங்களுமாக இருந்தோம். மென்பொருள் நிறுவனம் என்று பலகையில் எழுதியிருக்கும்; படியேறி வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது கறிவேப்பிலை வாசம். அக்காதான் எங்கள் குழுவுக்குத் தலைவர். மற்றவர்கள் எழுதும் நிரலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பிடிப்பது என் வேலை. எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம். அவருக்குப் பெயர் ஒன்று உண்டு, அதை எழுத இப்போது எனக்கு மனசில்லை.

மிச்சம் என்று ஒன்று இருப்பதே அவருக்குப் பிடிக்காது. தே தாரிக் குடித்தால் கோப்பையில் கடைசி இரண்டு மடக்கு அப்படியே நிற்கும். தோசையின் ஓரத்தைத் தொட மாட்டார். சினிமாவுக்குப் போனால் முடிவதற்கு முன்பே எழுந்து வந்துவிடுவார். "யாரு ஜெயிப்பான்னு தெரிஞ்சிடுச்சுல்ல, அப்புறம் எதுக்கு உக்காந்துகிட்டு?" என்பார். பிறந்தநாள் கேக்கை வெட்டுவதற்குள் அவர் நாற்காலி காலியாகியிருக்கும். என் பெயர் பிலோமினா. வேலையில் சேர்ந்த அன்றே அதைப் பிலோ ஆக்கிவிட்டார். என்னைப் பெற்றவர்கள்கூட அப்படிச் சுருக்கியதில்லை, ஆனால் அவர் கூப்பிட்டபோது எனக்குக் கசக்கவில்லை.

ஒரு தைப்பூசத்துக்கு அவருடைய தம்பி காவடி எடுத்தார். அக்கா வெறுங்காலோடு சிராங்கூன் சாலையிலிருந்தே கூட நடந்தார். வெயிலில் தம்பிக்குத் தண்ணீர் கொடுத்து, விசிறிவிட்டு, வேல் வேல் என்று தொண்டை கட்டக் கத்தி, கோவிலுக்குக் கொஞ்ச தூரமே மிச்சமிருக்கிற டோபி காட் வரைக்கும் வந்தவர், அங்கே ரயில் நிலையத்தைப் பார்த்ததும் இறங்கி ரயிலேறிவிட்டார். தேங் சாலைக் கோவிலில் காவடியை இறக்கிய தம்பி, அக்காவைக் காணோமே என்று பதறிப் போய் எங்களுக்கெல்லாம் போன் செய்தார். மறுநாள் நான் கேட்டேன். "வந்தாச்சு லா. அதுக்கப்புறம் கூட்டம் மட்டும்தான்," என்றார். நாங்கள் சிரித்துச் சிரித்து மாளவில்லை. அவரும் சிரித்தார்.

அந்தக் கத்தரி விரல் எனக்கு ஒரு முறை வாழ்வு கொடுத்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் நன்றி கெட்டவளாகிவிடுவேன். அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது நான் பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பிடோக் வீட்டில் அவருக்குச் சோறூட்டி, துணி மாற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடந்தேன். அவர் போன பிறகு வேலை தேடிப் போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: இடையில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்? ஒவ்வொருவரிடமும் அப்பாவின் நோயைப் பாடம் மாதிரி ஒப்பித்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அக்காவிடமும் ஆரம்பித்தேன். "எங்கப்பாவுக்கு..." என்றதும் விரல் மூடிக்கொண்டது. "அது முடிஞ்சு போச்சுல்ல? மிச்சத்த விடு. நாளைக்கு வர முடியுமா?" என்றார். அன்றைக்குப் பேருந்தில் பிடோக் வரும் வரைக்கும் அழுதேன். என் கதையைக் கேட்காமலே என்னை ஏற்றுக்கொண்ட முதல் மனுஷி அவர்தான்.

இனி அவருடைய தொழிலுக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் எண்கள் இரண்டு வகை. ஒன்று முழு எண். ஏழு, எட்டு, ஒன்பது. இன்னொன்று புள்ளி வைத்த எண்; ஏழரை, எட்டேகால் என்கிற மாதிரி. புள்ளி வைத்த எண்ணை முழு எண்ணாக மாற்று என்றால், அக்கா எழுதுகிற நிரல்மொழி புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அப்படியே வெட்டிப் போட்டுவிடும். 7.2 என்றாலும் ஏழு, 7.9 என்றாலும் ஏழு. எது பக்கத்தில் இருக்கிறதோ அந்த எண்ணுக்கு மாற்று என்று தனியாகச் சொன்னால்தான் 7.9 எட்டாகும். அதற்கு நிரலில் ஒரே ஒரு சொல் கூடுதலாக எழுத வேண்டும். அக்கா எழுத மாட்டார்.

"ஏன்க்கா, ரவுண்ட் பண்ணிட்டா என்ன?" என்று ஒரு முறை கேட்டேன்.

"ரவுண்ட் பண்ணா இல்லாதத இருக்குன்னு சொல்றோம், பிலோ. ஏழே முக்கால் வாங்குனவன எட்டுன்னு சொன்னா அது பொய். வெட்டுனா, கையில என்ன இருக்கோ அது மட்டும் நிக்கும். புள்ளிக்குப் பின்னாடி இருக்கறது தூசி லா. தூசிய யாராச்சும் மடியில கட்டிப்பாங்களா?"

எனக்கு அது பிடித்திருந்தது. வாங்காததை வாங்கியதாகக் காட்டக்கூடாது என்கிற மனுஷி, நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். அவர் மேல் எனக்கு இருந்த மரியாதையில் பாதி அந்தப் பேச்சினால் வந்தது.

எங்களுக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் ஒரு தனியார் பயிற்சி மையம். கட்டுமானத் தொழிலாளிகளுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிற இடம். அங்கே மதிப்பெண் போடும் நிரலை, நான் சேருவதற்கு முன்பே அக்கா ஒற்றை ஆளாக எழுதி முடித்திருந்தார். அதில் அவருக்குப் பெருமை. ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வரி மாற்ற வேண்டியிருக்கவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அதனால் நானும் அதைத் தோண்டிப் பார்த்ததில்லை. ஓடிக்கொண்டிருப்பதைத் தொட எனக்கு உத்தரவும் இல்லை.

சூசையை எங்கள் பங்குக் கோவிலில் எனக்குப் பழக்கம். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். இங்கே கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் காப்பிக்கு நிற்கும் இடத்தில் நாற்காலிகளை எடுத்து அடுக்குகிறவர் அவர்தான். யாரும் சொல்லவே வேண்டாம். அந்த ஞாயிறு நாற்காலி அடுக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சூசை, உடம்பு சரியில்லையா?"

"பரீட்சையில போயிட்டுக்கா. சூப்பர்வைசர் பரீட்சை. அதுல தேறுனாத்தான் வேல பெர்மிட்ட புதுப்பிப்போம்னு கம்பெனியில முன்னாடியே சொல்லிட்டாங்க. இல்லன்னா ஊருக்குத்தான். மக இப்பதான் நர்சிங் சேந்திருக்கா."

"எதுல போச்சு?"

"இங்கிலீசுதான். சாரம் கட்டுறதுல பாஸு. சேஃப்டி தமிழ்லயே எழுதலாம், அதுவும் பாஸு. அந்தப் பேசுறதுல மட்டும் வாயே வரல. மொத்தமா பத்துக்கு எட்டு வேணும், ஏழு போட்டிருக்கு."

நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் தட்டியது. அது எங்கள் வாடிக்கையாளர் மையம் வைக்கிற தேர்வு; அதன் கணக்கு எனக்குத் தெரியும். செய்முறைக்கு 0.7, பாதுகாப்பு விதிகளுக்கு 0.1, ஆங்கிலப் பேச்சுக்கு 0.2. தேறினால் முழுசு, தேறாவிட்டால் சுழி. எல்லாவற்றையும் கூட்டிப் பத்தால் பெருக்குவது. அப்படியானால் ஆங்கிலத்தில் சுழி வாங்கினாலும் ஏழும் ஒன்றும் எட்டு அல்லவா வர வேண்டும்? எட்டு வந்தால் தேர்ச்சி. ஏழு எங்கிருந்து வந்தது?

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். அக்காவாக இருந்தால் விரலை மூடியிருப்பார். மூன்றில் ஒரு பங்கைப் புள்ளி வைத்து எழுதச் சொன்னால் நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போவோம். அது முடியாது; எங்கேயாவது பேனாவை வைத்துத்தான் ஆக வேண்டும். கணினி எண்ணுகிற முறை வேறு என்பதால் அதற்கு 0.1, 0.7 போன்றவையே அப்படிப்பட்ட எண்கள். சரியாக எழுத வராது. மிக அருகில் இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு சமாளிக்கும். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த இரண்டையும் கூட்டினால் 0.8 வருவதில்லை, 0.7999999999999999 வருகிறது. பத்தால் பெருக்கினால் 7.999999999999999. பக்கத்து எண்ணுக்கு மாற்று என்று எழுதியிருந்தால் எட்டு. வெட்டு என்று எழுதியிருந்தால் ஏழு.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் நிரலைத் திறந்தேன். வெட்டு என்றுதான் எழுதியிருந்தது. ஒவ்வொரு கூட்டலாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் தேறினால் சரியாகப் பத்து வந்தது. செய்முறையும் ஆங்கிலமும் என்றால் சரியாக ஒன்பது. மற்றவையும் ஒழுங்காகவே வந்தன. ஒரே ஒரு கூட்டல் மட்டும் சறுக்கியது: வேலை தெரிந்து, பாதுகாப்பு தெரிந்து, ஆங்கிலம் மட்டும் வராத ஆள். அந்த ஆளுக்கு மட்டும் எட்டு ஏழாகியிருந்தது. அப்படிப்பட்ட ஆள் எங்கே போய்க் கேள்வி கேட்பான்? ஆங்கிலத்தில்தான் போச்சு என்று அவனே நம்பிக்கொண்டு போயிருப்பான். அதனால்தான் இத்தனை காலமாக ஒரு வரி மாறவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வழக்கமான விரலைத் தூக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஒரு சொல்லைத் தன் கையாலேயே சேர்த்தார். ஓடவிட்டார். எட்டு வந்தது.

"இப்ப சரியா வருதா? முடிஞ்சிச்சு லா."

"பழசுக்கா? ஏற்கெனவே ஏழு வாங்குனவங்க?"

"பழசத் தொடாத."

"அக்கா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்..."

விரல் மூடியது. "கேளு பிலோ. அடுத்த மாசம் அவங்களோட கான்ட்ராக்ட் ரினியூவல். இப்ப போய் நம்ம நிரல்ல தப்புன்னு சொன்னா மொத்தத்தையும் தோண்டுவாங்க. கான்ட்ராக்ட் போச்சுன்னா இந்த ரூம்ல பாதிப் பேருக்கு வேலை போகும். டிகிரி இல்லாத உன்ன வேற எவன் எடுப்பான், சொல்லு?"

கதையைக் கேட்காமல் ஏற்றுக்கொண்டார் என்று நான் இத்தனை நாளும் கொண்டாடிய மனுஷி, அந்தக் கதையை எங்கே வைத்திருந்தார் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் விடவில்லை. ஆளை நேரில் பார்த்தால் மனசு இளகும் என்று நினைத்தேன். சூசையை ஒரு மத்தியானம் அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். எங்கள் நிரலில்தான் தப்பு, நீங்கள் தேறிவிட்டீர்கள், எங்கள் அக்கா ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் மையத்தில் மாற்றிக் கொடுப்பார்கள் என்று போனிலேயே சொன்னேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார்.

அக்கா அவரை உட்கார வைத்தார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து தே தாரிக்கும் வடையும் வரவழைத்தார். "சொல்லுங்க தம்பி," என்றார். சூசை சொன்னார். ஊரைச் சொன்னார், அம்மாவைச் சொன்னார், மகளின் படிப்பைச் சொன்னார், பேச்சுத் தேர்வில் அந்த அதிகாரி முகத்தைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். தென்பாண்டிக்காரர்களுக்குச் சுருக்கிச் சொல்ல வராது. அக்கா ஒரு முறைகூட விரலைத் தூக்கவில்லை. தலையை ஆட்டி, "ம்", "ம்" என்று கேட்டு, கடைசி வார்த்தை வரைக்கும் விட்டார். நான் அந்த அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதிலும் அவர் இன்னொருவரை முடிக்கவிட்டது அன்றைக்கு மட்டும்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

சூசை முடித்ததும் அக்கா வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"நீங்க நல்ல தொழிலாளி தம்பி. பார்த்தாலே தெரியுது. கொஞ்சம் இங்கிலீஷ் மட்டும் கத்துக்குங்க. அடுத்த தடவ கண்டிப்பா எட்டு வரும்."

"அக்கா!" என்றேன். "அவரு ஏற்கெனவே எட்டு. உங்களுக்கே தெரியும். நீங்கதான திருத்துனீங்க?"

சூசை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பிலோமினா அக்கா சொல்லுதது சரியா மேடம்?"

அக்கா கணினித் திரையை அவர் பக்கமாகத் திருப்பினார். மையத்தில் பதிவாகியிருந்த அவருடைய மதிப்பெண் அதில் இருந்தது. "நீங்களே பாருங்க தம்பி. சிஸ்டம்ல என்ன இருக்கு?"

"ஏழு," என்றார் சூசை.

"பிலோவுக்கு உங்க மேல பாசம் லா," என்றார் அக்கா. குரலில் அப்படி ஒரு கனிவு.

திரும்பி ரயில் நிலையத்துக்குச் சூசையின் கூடவே நடந்தேன். பூமாலைக் கடைகளைத் தாண்டி, நகைக்கடைகளைத் தாண்டி, நான் அவருக்கு மறுபடி மறுபடி விளக்கினேன். 0.7, 0.1, வெட்டு, எட்டு, ஏழு. எனக்கே என் பேச்சு பைத்தியக்காரி பேச்சு மாதிரி கேட்டது. ஏழும் ஒன்றும் எட்டு என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது என்று ஒருத்தி நடுத்தெருவில் சொன்னால் யார்தான் நம்புவார்? சூசை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"விடுங்கக்கா. அந்த மேடம் எவ்வளவு தன்மையா பேசுனாங்க. எனக்கு வட வாங்கிக் கொடுத்து, நான் பேசுனத முழுசா கேட்டாங்கல்லா? அவங்க எதுக்குப் பொய் சொல்லப் போறாங்க? கம்ப்யூட்டர்லயே ஏழுன்னுதான இருக்கு. எனக்காகச் சண்டை போட்டு உங்க வேலைக்கு உலை வச்சிராதீங்க. தப்பு எம்மேலதான். இங்கிலீசு படிச்சிருக்கணும்."

அந்த மனுஷனிடம் நான் தோற்றுப்போனேன். அக்காவிடம் தோற்றதைவிட அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

மையத்துக்கு நானே போனேன். அதற்குள் அக்கா அவர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பியிருந்தார். வழக்கமான பராமரிப்பின்போது சிறு திருத்தம் செய்தோம் என்று ஒரு வரி. அதன் கீழே, இதனால் பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம். அங்கே தேர்வு எழுதியவர்கள் ஆயிரக்கணக்கில். சூசையைப் போல ஆங்கிலத்தில் மட்டும் சுழி வாங்கியவர்கள் ஒரு கைப்பிடி. கணக்குப் போட்டால் சதவீதம் சுழியம் புள்ளி என்னமோ வரும். அந்தக் கட்டம் முழு எண்ணை மட்டும்தான் எடுக்கும். அக்கா புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வெட்டியிருந்தார். பாதிப்பு: 0 சதவீதம்.

மையத்து அதிகாரி அதை எனக்குக் காட்டி, "ஸீரோன்னு உங்க ஆபீஸே எழுதியிருக்காங்களே மா, அப்புறம் என்ன கம்ப்ளெயின்ட்?" என்று கேட்டார். நான் விளக்க ஆரம்பித்தேன். அவருக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

திரும்பி வந்து அக்காவின் மேசை முன்னால் நின்றேன். "ஸீரோவா அக்கா? சூசை ஸீரோவா?" என்று கத்தினேன். அறையே திரும்பிப் பார்த்தது.

"நான் ஒண்ணும் பொய் எழுதலையே," என்றார். நிஜமாகவே அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. என்னால் அவருக்கு வந்த வருத்தம். "ஒரு பெர்சன்ட் கூட இல்ல பிலோ. இல்லாதத இருக்குன்னு எழுதச் சொல்றியா?"

ஒருவர் பொய்யே சொல்லாமல் இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். காரணத்தைச் சொல்ல வாயெடுத்தேன், விரல் மூடிக்கொண்டது. சூசை அடுத்த மாதம் ஊருக்குப் போனார். போவதற்கு முந்தின ஞாயிறு நாற்காலிகளையெல்லாம் அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனார். எனக்கு வேறு வேலை கிடைத்தது. டிகிரி இல்லாத என்னையும் எவனோ எடுத்துக்கொண்டான்.

அக்காவை அதற்கப்புறம் நான் பார்த்தது போன வருஷம், தேக்கா சந்தையில். மீன் வாங்கிக்கொண்டு திரும்பினால் எதிரே நிற்கிறார். முடி நரைத்து, கொஞ்சம் இளைத்து, கையில் கீரைக்கட்டோடு. நான் ஒதுங்கிப் போவதற்குள் பார்த்துவிட்டார்.

"ஏ பிலோ! எங்க லா போனே நீ? ஆளே காணோம்!" கட்டிப்பிடித்துக்கொண்டார். சந்தனப் பவுடர் வாசம் பழையபடியே இருந்தது. வெட்கக்கேடு, அந்த வாசத்தில் எனக்குப் பழைய பாசம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்தார். தே வந்தது. அந்த நிறுவனத்தை மூடிவிட்டார்களாம், அவரும் ஓய்வு பெற்றுவிட்டாராம். எல்லாவற்றையும் அரை அரை வாக்கியமாகச் சொன்னார். பிறகு திடீரென்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"அந்தத் தம்பி என்ன ஆனாரு? உன் சர்ச்சுக்காரரு, சாரம் கட்றவரு. இங்கிலீஷ் கத்துக்கிட்டாரா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நடிக்கவுமில்லை. முகத்தை உற்றுப் பார்த்தேன்; நிஜமான அக்கறை மட்டும்தான் இருந்தது. எட்டை ஏழாக்கிய வரியைத் தன் கையால் திருத்தியவர் அவர். அந்தப் பகுதியை எப்போதோ வெட்டிப் போட்டிருந்தார். ஆங்கிலம் தெரியாமல் தோற்றுப்போன ஒரு தம்பிதான் அவரிடம் மிச்சமிருந்தார். அந்த இடத்திலேயே தேயை எடுத்து அவர் முகத்தில் ஊற்றலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

ஊற்றவில்லை. கைப்பேசியை எடுத்தேன். சூசை ஊரிலிருந்து ஞாயிறு தவறாமல் எனக்குக் குரல் செய்தி அனுப்புவார். பங்குச் சாமியாரிடம் ஆங்கிலம் படிக்கிறார். இங்கே அவருடைய கம்பெனி எப்போதோ வேறு ஆள் எடுத்துவிட்டது, இனி யாரும் அவரைக் கூப்பிடப் போவதில்லை; அதை நான் பல முறை சொல்லியும் அவர் படிப்பை விடவில்லை. அந்த வாரத்துச் செய்தியை நானே இன்னும் கேட்டிருக்கவில்லை. அதை ஓடவிட்டு அக்காவின் கையில் கொடுத்தேன்.

"குட் மார்னிங் சிஸ்டர். ஹவ் ஆர் யூ? டுடே பிரேயர் ஃபினிஷ். மை டாட்டர் இஸ் நவ் நர்ஸ். எவ்ரி டே ஐ ஆம் ஸ்பீக்கிங் இங்கிலீஷ் வித் ஃபாதர். ஃபாதர் சே, சூசை, யூ ஆர் வெரி குட்..."

ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத் தூக்கி வைத்துப் பேசினார். அக்காவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"நல்லாப் பேசறாரே லா!" என்றார். "பார்த்தியா? அன்னிக்கு நான் சொன்னது வேலை செஞ்சிருக்கு." திரையைத் தொட்டு நிறுத்தினார்.

"இன்னும் இருக்குக்கா. முழுசா கேளுங்க," என்றேன்.

இரண்டு விரலையும் விரித்து, என் முகத்துக்கு நேராக மெல்ல மூடினார். "பாயிண்ட் புரிஞ்சிடுச்சு. மிச்சத்த விடு பிலோ, கீரை வாடிடும்." கைப்பேசியை என் உள்ளங்கையில் வைத்து, கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனார். கோப்பையில் கடைசி இரண்டு மடக்கு அப்படியே நின்றது.

நான் அங்கேயே உட்கார்ந்து மிச்சத்தை ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் கடல் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சூசை ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அக்கா, இப்ப எழுதுனா எட்டு வந்திருமாக்கா?"